வாசனை போதவில்லை

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. அங்கே தில்லைநாயகி என்ற அம்மாள் இருந்தார். நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். தில்லையம்மா என்று கூப்பிடுவார்கள். அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

உபதேசம் கேட்கலாம் என்று வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அம்மா பேசுவது குறைவு. போதாததற்கு அந்த வீட்டில் சமைக்கும் லூர்துமேரி வாரத்தில் பாதி நாள் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். ஞானம் தேடி வந்து, கருவாட்டு வாசனையில் மனம் மாறி அடுத்த பஸ்ஸைப் பிடித்தவர்களும் உண்டு.

கலியபெருமாள் அப்படிப் போகாதவர். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி விசாலாட்சி தவறிய பிறகு மாதம் ஒரு தடவை இங்கே வந்து, அம்மாவுக்கு எதிரில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். அதில் அவருக்கு ஓர் ஆறுதல். கடைசியாக வந்த இரண்டு தடவையும் அவர் துண்டில் ஒரு வாசனை லேசாக ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு சில மாதங்களாக அவரைக் காணவில்லை.

அன்று அவர் வந்தபோது அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் வாசல் படலை இன்னும் திறக்கக்கூட இல்லை.

"கலியபெருமாள் ஐயாவா? வாங்க" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

கலியபெருமாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பார்க்காமலே அறிந்துகொண்டாரே என்று உருகிப்போனார். சமையல்கட்டில் லூர்துமேரி அடுத்தடுத்துத் தும்மினாள். அதை அவர் கவனிக்கவில்லை.

உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார்.

"என்ன அது?"

"வாசனை மெழுகும்மா. வீட்ல நானே செஞ்சது."

திறந்து காட்டினார். உள்ளே விரல் நுனி அளவில் சின்னச் சின்ன வில்லைகள். மெழுகை உருக்கி, வாசனைத் தைலம் கலந்து, அச்சில் ஊற்றி எடுத்தவை. திரி கிடையாது. ஒரு மண் கிண்ணத்தில் வில்லையைப் போட்டு அடியில் சின்னதாக ஒரு விளக்கு வைத்தால் மெழுகு உருகும், வீடு மணக்கும் என்று விளக்கினார்.

"மணக்கணும். ஆனா மணக்க மாட்டேங்குது" என்றார். "அதைக் கேக்கத்தான் வந்தேன். வாசனையைக் கூட்டறதுக்கு என்னம்மா செய்யணும்?"

லூர்துமேரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் கலியபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மின்துறைக்காரர் அல்லவா, எதையும் அரைகுறையாக விட்டிருக்கவில்லை. சாதாரண மெழுகை விட்டு சோயா மெழுகுக்கு மாறியிருந்தார். தெர்மாமீட்டர் வாங்கியிருந்தார். கொதிக்கக் கொதிக்கத் தைலத்தை ஊற்றினால் வாசனை பறந்துவிடும், ஆறின பிறகு ஊற்றினால் மெழுகோடு ஒட்டாது என்று படித்து, எண்பத்தைந்து டிகிரியில் ஊற்றிக் கை வலிக்கக் கலக்கியிருந்தார். வார்த்த வில்லைகளை இரண்டு வாரம் டப்பாவில் மூடி ஊறவிட்டிருந்தார். நூறு கிராம் மெழுகுக்குப் பத்து கிராம் தைலம் என்பது கணக்கு. அதைப் பன்னிரண்டு ஆக்கினார், பதினைந்து ஆக்கினார். தைலத்தை மெழுகு குடிக்க முடியாமல் வில்லைகள் வேர்த்துக்கொண்டு நின்றன. அப்போதும் போதவில்லை. கூடத்தில் மட்டும் இருந்த மண் கிண்ணத்தை அறைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவும் செஞ்சாச்சு. வீட்டுக்குள்ள போனா மெழுகு உருகுறது கண்ணுக்குத் தெரியுது. மூக்குக்கு ஒண்ணும் தெரியல."

"என்ன வாசனை?"

"மருக்கொழுந்து."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"விசாலாட்சிக்கு மருக்கொழுந்து வைக்காம ஒரு நாள் போகாது. அவ அடுப்படியில நின்னா கூடத்துக்கு வரும்."

"அவங்க ஞாபகத்துக்கா?"

"எனக்கில்லம்மா. பாப்பாவுக்கு."

பாப்பா என்றது அவருடைய ஒரே மகள் மணிமொழியை. கடலூரில் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலூரில் வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் பிறந்த வீட்டார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய தங்கை கமலவேணி, பிரசவம் முடிகிற வரைக்கும் தான் வந்து உடன் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது. கொசுவலைகூடக் கட்டியாகிவிட்டது.

"தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடுன்னு சொல்லுவாங்க. அம்மா இல்ல. அம்மா இருக்கற மாதிரி வீடாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

"பொண்ணு வரேன்னு சொல்லிருச்சா?"

"அதுதாம்மா பயமா இருக்கு. நல்ல சேதி சொன்னதுலேர்ந்து அடிக்கடி வந்து பாக்குது. ஆனா ராத்திரி தங்க மாட்டேங்குது. காலைல வந்தா வெளக்கு வச்சதும் கெளம்பிடுது. உள்ள காலை வச்சதுமே மொகம் வாடிப் போவுது. சும்மா சும்மா கொல்லைப் பக்கம் போய் நிக்குது. அம்மா இல்லாத வீடுன்னு அதுக்குத் தாங்கலன்னு நெனக்கறேன். போன தடவை வாந்திகூட எடுத்துச்சு. என்னம்மான்னு கேட்டா, பஸ்ல வந்தது ஒத்துக்கலப்பான்னுச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வளைகாப்பு முடிஞ்சு அப்பாகூட வருவியான்னு கேட்டேன். பாக்கலாம்பான்னுச்சு. மாமியார் வீட்லயே இருந்துக்கறேன்னு சொல்லிடுமோன்னு இருக்கு. சொன்னா நான் என்ன செய்ய முடியும்?"

"வாசனை வருதான்னு பொண்ணைக் கேட்டீங்களா?"

"கேக்காம என்ன? ஒவ்வொரு தடவையும் கேக்கறேன். வருதுப்பா, நல்லா வருதுன்னுதான் சொல்லுது. நான் மனசு நொந்துக்குவேன்னு சும்மா சொல்லுது."

"சும்மா சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கே வரலியேம்மா."

தில்லையம்மா உப்பளத்துப் பக்கம் பார்த்தார். காற்று நன்றாக அடித்தது.

"சனிக்கெழமை வரைக்கும் நீங்க இங்கயே இருங்க" என்றார்.

கலியபெருமாள் திடுக்கிட்டார். "வீட்ல வேலை கெடக்கும்மா. இன்னொரு தடவை ஊத்திப் பாக்கணும். தைலத்தைக் கொஞ்சம் தூக்கலா..."

"வீடு பூட்டித்தானே இருக்கு?"

"ஜன்னல் மொதக்கொண்டு சாத்திட்டுத்தான் வந்தேன். இருக்கற வாசனையும் வெளிய போயிடக் கூடாதுன்னு."

"அப்ப இருக்கட்டும்."

லூர்துமேரியைக் கூப்பிட்டு டப்பாவைக் கொடுத்தார். அவள் அதைக் கையை நீட்டி உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு போய், உப்பளத்து மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். பையும் அங்கே போயிற்று. அவர் உடுத்தியிருந்த வேட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் அம்மா வாங்கி, துவைத்துத் தூரத்துக் கொடியில் போடச் சொன்னார். வீட்டில் இருந்த வேறு வேட்டியைக் கொடுத்தார்.

"தலைக்குக் குளிச்சிட்டு வாங்க."

தீட்சை கொடுக்கப் போகிறார் என்று கலியபெருமாள் நினைத்துக்கொண்டார். நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு வந்து பயபக்தியோடு நின்றார்.

"லூர்து என்ன சமைக்கறாங்கன்னு சொல்லுங்க" என்றார் அம்மா.

"பாத்துட்டு வரட்டுமா?"

"பாக்காம சொல்லுங்க."

கலியபெருமாள் யோசித்தார். ஆசிரமத்துச் சாப்பாடு என்றால் என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். "ரசமாம்மா?"

சமையல்கட்டில் நெத்திலிக் கருவாடு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையில் அக்கம்பக்கத்துப் பூனைகள் இரண்டு வந்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தன. லூர்துமேரி கரண்டியோடு வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பிப் போனாள்.

தீட்சை இதுதான். மந்திரம் இல்லை, தியானம் இல்லை. பகலெல்லாம் அவர் உப்பளத்து வரப்பில் காற்று வரும் பக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அம்மா வந்து அதே கேள்வியைக் கேட்பார். அவர் தப்பான பதிலைச் சொல்வார். புளிக்குழம்பைச் சாம்பார் என்றார். கீரையைக் கூட்டு என்றார். பார்க்காமல் சொல்லச் சொன்னால் நியாயமா என்று மனசுக்குள் முனகிக்கொண்டார்.

பொறுத்துப் பார்த்தவருக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டது. மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வருவாளா மாட்டாளா என்று தவித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் வந்து, தினமும் என்ன குழம்பு என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியேம்மா" என்றார்.

"என்ன கேட்டீங்க?"

"வாசனையைக் கூட்டணும்னு கேட்டேன்."

"கூட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார் அம்மா. எழுந்து போய்விட்டார்.

கலியபெருமாள் கொட்டகைப் பக்கம் பார்த்தார். டப்பாவை யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை. தனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது போலும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

மறுநாள் காலையில் அவருக்குத் தும்மல் வந்தது. பக்கத்துப் பாத்தியில் ஆட்கள் அடிச்சேற்றை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னவோ அழுகின வாடை அடிக்கிறதே என்று முகத்தைச் சுளித்தார். இத்தனை நாளும் அதே சேற்றுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அம்மா கேட்பதற்கு முன்பே சொன்னார். "வெந்தயம் தாளிக்கறாங்க. கொஞ்சம் கருகிப் போச்சு."

"ஆமா, கருகித்தான் போச்சு" என்று உள்ளேயிருந்து லூர்துமேரி ஒத்துக்கொண்டாள். "பெருமாள் ஐயாவுக்கு மூக்கு வந்துருச்சு."

கலியபெருமாள் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு அவர் யார் கேட்பதற்காகவும் காத்திருக்கவில்லை. அரிசி வேகிறது என்பார். கொத்தமல்லி கிள்ளுகிறீர்களா என்பார். மழை எங்கேயோ பெய்கிறது என்பார். சனிக்கிழமை வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார்.

"புளி கொதிக்குது. கருவாடு இன்னும் போடல."

தில்லையம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க, போலாம்."

"எங்கம்மா?"

"உங்க வீட்டுக்கு."

அம்மா யார் வீட்டுக்கும் போய் அவர் பார்த்ததில்லை. கலியபெருமாள் அவசரமாகச் செருப்பைத் தேடினார். வீட்டுக்கு வந்து மெழுகின் மேல் கை வைத்து ஆசீர்வதிக்கப் போகிறார் என்று நினைத்தார். டப்பாவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, அது கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார் அம்மா.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கலியபெருமாள் நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய சீர்வரிசையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சாதம், பழத்தட்டு, பச்சைப் பட்டுப் புடவை. எல்லாம் கமலவேணி பார்த்துக்கொள்கிறாள். பாப்பா மட்டும் வரேன் என்று சொல்லிவிட்டால் போதும்.

முத்தியால்பேட்டையில் இறங்கித் தெரு முனையில் திரும்பியதும் நின்றார்.

"யாரோ மருக்கொழுந்துக் கட்டு எறக்கறாங்க போலம்மா" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "கல்யாண வீடு ஏதாவது இருக்கும்."

தெருவில் கல்யாண வீடு எதுவும் இல்லை. பூ வண்டியும் இல்லை. நடக்க நடக்க வாசனை ஏறிக்கொண்டே வந்தது. நாலைந்து வீடு தாண்டியதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்தது. அவருடைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், இவர் பக்கம் இருந்த ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்கள்.

கலியபெருமாள் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார்.

உள்ளே ஓரடி வைத்தார். அவ்வளவுதான் முடிந்தது. மருக்கொழுந்து நெடி முகத்தில் அறைந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமிக்கொண்டே வெளியே வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னமோ கொட்டிருச்சும்மா" என்றார். "தைல பாட்டில் ஒடஞ்சிருக்கும். எலி தள்ளிவிட்டிருக்கும்."

துண்டை மூக்கில் இறுகக் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். தில்லையம்மா தெருவிலேயே நின்றார். உள்ளே ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டு அணைக்கிற சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவர் நடையே மாறிப்போயிருந்தது.

"ஒண்ணும் கொட்டல" என்றார். "பாட்டிலெல்லாம் மூடித்தான் இருக்கு. கிண்ணத்துல மெழுகு ஒறஞ்சு கெடக்குது. அடியில வெளக்கு எரியவே இல்ல. எரியாதப்பவே இப்படின்னா..."

முடிக்காமல் படியில் உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இத்தனை நாளா இப்படித்தான் இருந்துச்சா?"

அம்மா பக்கத்து வீட்டின் அடைத்த ஜன்னல்களைப் பார்த்தார்.

"பாப்பா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லுச்சே" என்றார் தில்லையம்மா. "வருதுப்பான்னு சொல்லுச்சே."

கலியபெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. வாடின முகம். கொல்லைப்புறம். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தது.

"வாயும் வயிறுமா இருக்கற புள்ளைய நான் இதுக்குள்ள உக்கார வச்சிருக்கேன்" என்றார். அழுகையை அவர் மறைக்கவில்லை. "நாளைக்கு எந்த மூஞ்சியோட போய்க் கூப்பிடுவேன்? இந்த வீட்டுக்கு இனிமே அது எப்படிம்மா வரும்? வரணும்னு எப்படித் தோணும் அதுக்கு?"

தில்லையம்மா வந்து படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியா வந்தப்ப, பொண்ணு எப்ப வந்துச்சு?"

"காலைல. நான் அப்பத்தான் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன்."

"வந்து?"

"நீ உக்காருப்பான்னு சொல்லிட்டு அதுவே சோறாக்குச்சு. வத்தக்குழம்பு வச்சு, அப்பளம் பொரிச்சுது. என்கூட உக்காந்து சாப்பிட்டுச்சு. அது சரியா சாப்பிடல."

"அப்பறம்?"

"புதுசா ஊத்துன வில்லையெல்லாம் எடுத்துக் காட்டினேன். எது நல்லா இருக்குன்னு கேட்டேன். ஒவ்வொண்ணா கையில வாங்கி, மோந்து பாத்து..."

நிறுத்திவிட்டார்.

"எப்ப கெளம்புச்சு?" என்று கேட்டார் தில்லையம்மா.

அது அவருக்குத் தெரியும். "வெளக்கு வச்சப்பறம்தாம்மா" என்றார். "பகல் பூரா எனக்காக இதுக்குள்ள உக்காந்திருந்துட்டுத்தான் போச்சு."